பத்மாவுக்குப் போட்ட ஊசி

ஒரு ஊசிக்காகப் பொறாமைப்பட்டவள் இந்த ராஜபாளையத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நகைக்குப் பொறாமைப்படுவார்கள், பட்டுச் சேலைக்குப் பொறாமைப்படுவார்கள். நான் என் ஓரகத்திக்குப் போட்ட ஒரு ஊசிக்கு வயிறெரிந்தேன். என் பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவன் பிறந்த கதையை எங்கள் தெருவில் உண்டாகிற பெண்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் கொஞ்சம் மறைத்தும் விடுகிறேன். எழுதினால் மறைக்க மாட்டேன் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது மம்சாபுரம். எண்பத்து மூன்றில் ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தேன். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணி நெய்யும் தறிப்பட்டறை ஒன்றை நடத்தினார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரு மாமியார். இரண்டு வருஷம் எனக்கு ஒன்றும் உண்டாகவில்லை. அதற்குள் கொழுந்தனாருக்குக் கல்யாணம் முடிந்து பத்மா வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, என்னைவிட நாலு வயது இளையவள். வந்த மூன்றாம் மாதமே வாந்தி எடுத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. துடுக்காகப் பேசுகிறவளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொள்ளலாம். இவளோ "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவாள்.

அவள் வாந்தி எடுத்த அதே நாட்களில் எனக்கும் நாள் தள்ளிப் போயிருந்தது. அது என் அம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். மூன்று மாதம் முடிகிற வரை வெளியே சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பத்மாவால் மறைக்க முடியவில்லை, வாந்தி காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு வாந்தியும் இல்லை, மசக்கையும் இல்லை. மூன்று மாதம் முடிகிற அன்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவள் மேல் இருக்கிற கண்களை எல்லாம் என் பக்கம் திருப்ப வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பங்குனிப் பொங்கலுக்கு மம்சாபுரம் போன இடத்தில் அது கலைந்துவிட்டது. மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அம்மா என்னைப் பக்கத்து ஊரில் ஒரு நர்ஸம்மாவிடம் கூட்டிப்போய்க் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யவைத்தாள். அங்கே யாரும் என் ரத்தம் என்ன வகை என்று பார்க்கவில்லை. திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்.

"ஒருத்தருக்கும் மூச்சு விட்றாத ஏட்டி. அங்க ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கா. உனக்கு ஒண்ணு போயிட்டுன்னு தெரிஞ்சா அவளோட சேத்து வச்சுப் பேசுவாவ."

அம்மா மாமியாருக்குப் பயந்து சொன்னாள். நான் தலையாட்டியது மாமியாருக்காக அல்ல. பத்மா என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாளே, அதைத் தாங்க முடியாது என்றுதான் மறைத்தேன். ராஜபாளையம் திரும்பியதும் அவள் பாதி மாங்காயை உப்பு மிளகாய்ப்பொடி தொட்டு என்னிடம் நீட்டினாள், நீங்களும் தின்னுங்க அக்கா, சீக்கிரம் உங்களுக்கும் ஆகட்டும் என்று. வாங்கித் தின்றேன். பல் கூசியது என்று சொல்லி எழுந்து போய்ப் பின்கட்டில் அழுதேன்.

ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிரசவித்தாள். பெண் குழந்தை. அந்த ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இது நெகட்டிவ் குரூப், குழந்தை பாசிட்டிவ், மூன்று நாளைக்குள் ஒரு ஊசி போட வேண்டும், மதுரையில்தான் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கொழுந்தனார் அன்றே பஸ் ஏறினார். பெரிய வாய் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் அந்தச் சின்னஞ்சிறு மருந்துக்குப்பியை வைத்துக் கொண்டுவந்தார். விலையைக் கேட்டு மாமியார் நெஞ்சில் கை வைத்தாலும் தெரு முழுக்கப் பெருமையாகவும் சொன்னாள்: எம் மருமவளுக்கு மதுரையில இருந்து ஐஸ்ல வச்சு ஊசி வந்திருக்கு.

அது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. நான் உடம்பு தேறுகிற சத்து ஊசி என்று நினைத்தேன். அவளுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு உடம்பு என்று இருந்தது. அன்று என் வீட்டுக்காரரிடம், எனக்குப் பிள்ளை பிறந்தால் நீங்களும் அந்த ஊசி வாங்கித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆவணியில் நான் உண்டானேன். இந்த முறை மூன்று மாதமெல்லாம் காத்திருக்கவில்லை, நாற்பத்தைந்தாம் நாளே சொல்லிவிட்டேன். மாமியாரும் பத்மாவும் ராஜபாளையத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே, இதுதான் முதலா என்று கேட்டார். என் வலப்பக்கம் மாமியார், இடப்பக்கம் பத்மா. ஆமாம், தலைப்பிள்ளை என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைத்தான் தெருப் பெண்களிடம் இன்றுவரை மறைத்துவந்தேன்.

ரத்தம் பார்த்ததில் நானும் நெகட்டிவ் என்று வந்தது. பி நெகட்டிவ். பத்மா ஓ நெகட்டிவ். என் வீட்டுக்காரர் ஓ பாசிட்டிவ். டாக்டர் அம்மா, முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பிறந்த மூன்று நாளைக்குள் உங்களுக்கு ஒரு ஊசி போட்டுவிட்டால் அடுத்ததற்கும் பயமில்லை என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கும் அந்த ஊசி. எனக்கும் பிளாஸ்க், எனக்கும் ஐஸ். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். வளைகாப்பையும் தலைப்பிள்ளைக்குச் செய்வதுபோலவே சிறப்பாகச் செய்தார்கள்.

எட்டாம் மாதம் அசைவு குறைந்தது. வயிறு அளவுக்கு மீறிப் பெரிதாகித் தோல் மினுங்கியது. டாக்டர் அம்மா ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்த அன்று என்னோடு வந்தவள் பத்மா. டாக்டர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் எங்களுக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் மேல் ஆர்.ஹெச். என்று ஒரு பொருள் இருக்கும். இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அம்மாவுக்கு அது இல்லாமல், அப்பாவைக் கொண்டு பிள்ளைக்கு அது இருந்தால், பிள்ளை பிறக்கும்போது அதன் ரத்தம் சில துளி அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடும். அம்மாவின் உடம்பு அதை அந்நியம் என்று நினைத்து, அதை அழிக்க எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அதற்குள் முதல் பிள்ளை வெளியே வந்துவிட்டிருக்கும். அடுத்த பிள்ளை உண்டாகும்போது அந்த எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாக உள்ளே போய் அதன் ரத்தத்தை உடைக்கும். கலந்த அந்தச் சில துளிகளை, அம்மாவின் உடம்பு கண்டுகொள்வதற்கு முன்பே துடைத்துவிடுகிற வேலைதான் மூன்று நாளைக்குள் போடுகிற ஊசியின் வேலை. பத்மாவுக்குப் போட்டது சத்து ஊசி இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"உங்க ரத்தத்துல அந்த எதிர்ப்பொருள் நிறைய இருக்குன்னு வந்திருக்கு. தலைப்பிள்ளைக்கு இப்படி வராதும்மா. லேப்ல யாரோட ரத்தத்தையோ மாத்திட்டாங்கன்னு நெனைக்கேன். இது நெசமாவே உங்களுக்கு முதல்தானே?"

பத்மா என் பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல்தான் என்றேன். அப்படியென்றால் மறுபடி ரத்தம் அனுப்பலாம், ரிசல்ட் வர எட்டு நாளாகும், அதுவரை பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் அம்மா புதிய சீட்டு எழுதினார்.

வெளியே வந்து செருப்பு மாட்டினேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், செத்த நேரம் நின்று பார்த்தேன், அசைவே இல்லை. எட்டு நாள். பத்மாவிடம் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் பிள்ளையின் எட்டு நாளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பத்மாவும் பின்னால் வந்தாள். அவள் இருக்கிறாள் என்று தெரிந்தே சொன்னேன்: இது இரண்டாவது, டாக்டரம்மா, முன்னாலே ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது, யாருக்கும் தெரியாது.

டாக்டர் அம்மா கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் சீட்டைக் கிழித்துப்போட்டு மதுரைக்கு உடனே கடிதம் எழுத ஆரம்பித்தார். கலைந்து போனாலும் ரத்தம் கலக்கும், எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிவிடும், அன்றைக்கே ஊசி போட்டிருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே சொன்னார். வீட்டில் எல்லோரிடமும் நான் மறைத்ததை என் ரத்தம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறது.

பத்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எந்த மாசம்க்கா?"

பங்குனி என்றேன். அவள் விரலில் எண்ணினாள். "எம் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒண்ணாப் பொறந்திருக்கும்."

அன்று சாயங்காலமே மதுரை. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வராந்தாவில் டெட்டால் வாசனையும், சாம்பார் வாளி உருட்டிப் போகிற சத்தமும், பெஞ்சில் துண்டு விரித்து இடம் பிடித்த சொந்தக்காரர்களுமாக இருக்கும். தினமும் ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பெரிய ஊசி செலுத்தி நீர் எடுத்து அதன் மஞ்சளை அளந்தார்கள். அது மஞ்சளாக இருக்க இருக்க, உள்ளே பிள்ளையின் ரத்தம் உடைகிறது என்று அர்த்தம். வார்டில் என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் எல்லாம் பெற்றுக்கொண்டு போனார்கள். அவர்கள் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து நீட்டிய சர்க்கரையை வாங்கி வாயில் போடாமல் தலையணைக்கு அடியில் வைத்தேன். எறும்பு வந்தது. அம்மா கூடவே இருந்தாள். மூச்சு விடாதே என்று தான் சொன்னதை நினைத்து அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் காலை மட்டும் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும், இதற்கு மேல் உள்ளே வைத்திருப்பது ஆபத்து என்று வலி வர மருந்து ஏற்றினார்கள். பையன் பிறந்தான். இரண்டேகால் கிலோ. அழுதான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறந்தபோது வெளிறிக் கிடந்தவன் அடுத்த வேளைக்குள் நெற்றி, மார்பு, வயிறு என்று மஞ்சள் பூசிய மாதிரி ஆனான். உடைந்த சிவப்பணுக்களில் இருந்து பிலிருபின் என்கிற மஞ்சள் பொருள் சேர்கிறது, அது அளவு தாண்டி மூளையில் ஏறினால் பிள்ளை பிழைத்தாலும் காது கேட்காமல், கை கால் விளங்காமல் போகலாம் என்றார் பிள்ளைகளுக்கான டாக்டர். நீல விளக்கின் கீழே படுக்கவைத்துக் கண்ணைக் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தக் கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பக்கத்துத் துணிதான்" என்றார்.

விளக்கு போதாது, ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று மறுநாள் காலையில் சொன்னார்கள். பிள்ளை அப்பாவைப் போல ஓ பாசிட்டிவ். ஆனால் அதற்கு ஏற்ற வேண்டியது ஓ நெகட்டிவ். என் எதிர்ப்பொருள் பிள்ளையின் உடம்பில் இன்னும் இருக்கிறது, பாசிட்டிவ் ரத்தம் ஏற்றினால் அதையும் உடைத்துவிடும். ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் இல்லை. என் ரத்தத்தை எடுங்கள், நானும் நெகட்டிவ்தானே என்று டாக்டரின் கையைப் பிடித்தேன்.

"உங்க ரத்தத்துலதாம்மா அவனை அழிக்கிற பொருளே இருக்கு" என்றார். பொறுமையாகத்தான் சொன்னார்.

பெற்றவள் ரத்தம் ஆகாது. யாருடையது ஆகும் என்று எனக்கு அவர் கேட்பதற்கு முன்பே தெரியும். மூன்று வருஷமாக நான் தினமும் யாரைப் பார்த்து எரிந்தேனோ, அவளுடையது. தொண்டையில் நிற்கிற வார்த்தையைத் துப்புவதுபோல அவள் பெயரைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தறிப்பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் இருந்த போனுக்குப் பேசினார்.

மத்தியானத்துக்குள் பத்மா வந்துவிட்டாள். மாமியாரும் வந்தாள். ரத்த வங்கியில் பத்மாவைத் துருவிக் கேட்டார்களாம். பிள்ளை பெற்றவளா, பால் குடி மறந்தாயிற்றா, நெகட்டிவ் என்கிறீர்களே, பிள்ளை என்ன குரூப், ஊசி போட்டார்களா என்று. ஊசி போடாமல் விட்டிருந்தால் அவள் ரத்தத்திலும் என்னுடையதைப் போலவே எதிர்ப்பொருள் இருந்திருக்கக்கூடும், அப்படி இருந்தால் என் பிள்ளைக்கு ஆகியிருக்காது. சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. என் ரத்தத்தோடும் சேர்த்துப் பார்த்து, பொருந்துகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் எரிந்து கரிந்த அந்த ஊசி, என் பிள்ளைக்காகத்தான் அன்றைக்கு ஐஸில் வந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் நான் உருகிப்போனேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவளை மாமியார் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்துச் சாத்துக்குடி உரித்து வாயில் ஊட்டினாள். நர்ஸ் ஒருத்தி பால் கொண்டுவந்து கொடுத்தாள். பெற்று ஒரு நாள்கூட ஆகாத நான் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தேன். அந்த நேரத்திலும் அந்தச் சாத்துக்குடியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை உள்ளே சாகக் கிடக்கிறான், நான் சுளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையை வைத்திருந்த அறையின் கதவு பாதி திறந்திருந்தது. தொப்புள் கொடியின் நரம்பில் மெல்லிய குழாய் விட்டு, ஊசிக்குழலில் அவன் ரத்தம் கொஞ்சம் எடுப்பார்கள், பத்மாவின் ரத்தம் அதே அளவு ஏற்றுவார்கள். நர்ஸ் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தாளில் குறித்தாள். வெளியே பத்து, உள்ளே பத்து. வெளியே பத்து, உள்ளே பத்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதே பாட்டு. பத்மா எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"உன்னையக் கண்டா எனக்கு ஆகாது, பத்மா. வந்த நாள்ல இருந்தே" என்றேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரியும்க்கா" என்றாள். "எனக்கும் உங்க மேல உண்டு. அத்தை இன்னைக்கும் உங்க கைக் குழம்பத்தான் கேக்காவ. நான் வச்சா பாதியில எந்திரிச்சிருவாவ."

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அந்த அறைக்குள் "வெளியே பத்து, உள்ளே பத்து" என்று ஓடிக்கொண்டிருக்கும்போது.

பையன் பிழைத்தான். மூன்றாம் நாள் மஞ்சள் இறங்கியது, ஆறாம் நாள் என் மார்பில் விட்டார்கள். பால் கொடுக்கலாமா, என் பாலிலும் அது இருக்குமா என்று பயந்து பயந்து கேட்டேன், தாராளமாகக் கொடுக்கலாம், அது வயிற்றில் செரித்துப்போகும் என்றார்கள். போகிறபோது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அடுத்த பிள்ளைக்கு இதைவிட மோசமாக வரும், வேண்டாம். இனிமேல் எனக்கு அந்த ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை, உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டதைத் துடைக்க முடியாது. இரண்டாவது நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. இந்த ரத்தம் எத்தனை நாள் இவன் உடம்பில் இருக்கும் என்று கேட்டேன். மூன்று நாலு மாதத்தில் அந்த அணுக்கள் எல்லாம் கழிந்து, அவனுக்கென்று ஊறிய ரத்தம் வந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பத்மா பையனைத் தூக்கி, இவன் எம் மவன், எம் ரத்தம் என்று தெருவெல்லாம் காட்டுவாள். நான் தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது எண்ணினேன். நூற்று இருபதாம் நாள் காலையில் பையனைக் குளிப்பாட்டித் துவட்டி, இனி நீ எனக்கு மட்டுந்தான் என்று காதில் சொன்னேன். அவன் என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தான். பின்னால் பத்மா நின்றுகொண்டிருந்தாள்.

பையனுக்கு இரண்டு வயதாகும்போது பத்மாவுக்கு இரண்டாவது பிறந்தது, ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண் குழந்தை, பாசிட்டிவ். மறுபடியும் ஊசி வேண்டும். கொழுந்தனார் கட்டுத்துணி லோடோடு பம்பாய் போயிருந்தார். யாரை அனுப்பலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துவிட்டேன்.

மதுரையில் மருந்தை வாங்கி, ஐஸ் போட்டு, மூடி திருகி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு இனி பிள்ளை இல்லை, இவளுக்கு இரண்டாவது. எனக்குக் கிடைக்காத ஊசி இவளுக்கு இரண்டாம் முறை. திருமங்கலத்தில் இருந்து கல்லுப்பட்டி வரை அதையே நினைத்து மனசு கருகிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், பிள்ளைக்குப் பால் கரைக்க பிளாஸ்க்கில் இருந்து கொஞ்சம் வெந்நீர் கேட்டாள். தர மாட்டேன் என்றேன். இம்புட்டு வெந்நீரில் என்ன குறைந்துபோகும் என்று அவள் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி முனகினாள். கிருஷ்ணன்கோவிலில் ஏறிய கூட்டத்தில் கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னார். கொடுக்கவில்லை, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூடியைத் திறந்தாள். ஐஸ் பாதிக்கு மேல் கரையாமல் இருந்தது. "யாரு கொண்டாந்தது? நல்லாப் பத்திரமா வந்திருக்கே" என்றாள். படுக்கையில் இருந்தபடியே பத்மா என் ஈரச் சேலையைப் பார்த்தாள். பிளாஸ்க்கின் மூடியோரம் கசிந்த தண்ணீரில் மடி முழுக்க நனைந்திருந்தது.

"மேல வச்சிருக்கலாம்லக்கா" என்றாள்.

"நீ பேசாமத் திரும்பிப் படு" என்றேன். நர்ஸ் ஊசி போட்டு முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றேன். எனக்கு வயிறெரிந்தது. மருந்து கடைசிச் சொட்டு வரை உள்ளே போகிறதா என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.